தாப்பாள் என் பக்கம்

அம்மிணி, அந்தப் பொட்டலத்தச் சித்த காலுக்குக் கீழ வெச்சுக்கறியா? மீனுதானே? மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. திங்கறவங்க திங்கட்டும். மூணு நாளா மீனு வாசத்துலயே கெடந்துட்டு வர்றேன், அதான். சேலையில, தலமுடியில, கொண்டுபோன தலகாணி ஒறையில, எல்லாத்துலயும் மீனு. காலையில ரெண்டு வாட்டி சோப்புப் போட்டுத் தண்ணி வாத்துக்கிட்டேன். இன்னமும் கைய மூக்குகிட்டக் கொண்டு போனா கொமட்டிட்டு வருது.

பாலக்காடா போற? நானும் அங்க எறங்கித்தான் பொள்ளாச்சி பஸ் மாறோணும். நல்லதாப் போச்சு. சன்னலத் தெறந்தே வெய்யி, மே மாசத்து வெயிலுன்னாலும் காத்தாச்சும் வரும்.

நான் ரயில்ல போகவேண்டியவ. மூணு பேருக்கும் டிக்கெட் எடுத்தது நான்தான். வேண்டாம்னு பஸ்சுல ஏறிட்டேன். அவங்க ரெண்டு பேரும் இன்னும் அங்கயே கெடக்கறாங்க, யாரோ ஒரு பொம்பளையோட படிக்கட்டுல உக்காந்து வல பின்னிக்கிட்டு. ஆமா, மீன் புடிக்கற வலதான். எம்பட சிநேகிதி எம்.எஸ்ஸி படிச்சவ. அவ ஊட்டுக்காரரு பிலாய்ல இரும்பாலையில பெரிய வேல பாத்து ரிட்டயர்டானவரு. வல பின்றாங்க.

மொதல்ல இருந்து சொல்றேன், இல்லாட்டி உனக்கு வெளங்காது.

எம்பேரு வசந்தாமணி. எங்க ஊட்டுக்காரரு கயிறு யாவாரம். பொள்ளாச்சியில நாரு, ஆலப்புழையில கயிறு, ரெண்டுக்கும் நடுவுல இருவது வருசம் ஓடிக்கிட்டே இருந்தாரு. அவரு போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சு. ஒரே பையன், மஸ்கட்ல இருக்கறான். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போன் பண்ணுவான். நல்ல பையன். எங்க ஊட்டுக்காரரு இருக்கறப்பவே பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஊடு கட்டினாரு. ஒண்ணுல நாங்க, இன்னொண்ணுல வாடகைக்கு. ஒரு பேங்க்காரரு குடும்பம் இருந்துச்சு, காலி பண்ணிட்டாங்க. அப்பறம் ஒரு டீச்சரு வந்தா, அவளும் காலி பண்ணிட்டா. குப்பைய எங்க போடோணும், கோலம் எத்தன மணிக்குப் போடோணும்னு நாலு வார்த்தை நல்லதுக்குச் சொன்னா இந்தக் காலத்துல யாருக்கும் புடிக்கறதில்ல. அதுக்கப்பறம் நானே யாருக்கும் விடல. கோகிலாவுக்குன்னு வெச்சிருந்தேன்.

கோகிலாதான் அந்த சிநேகிதி. கோயமுத்தூர்ல காலேஜு படிக்கறப்ப மூணு வருசம் ஹாஸ்டல்ல ஒரே ரூமு. ஒரே தட்டுல தின்னிருக்கறோம். அந்த ரூமுக் கதவுக்குத் தாப்பாளு ஒடஞ்சு போயிருக்கும், வார்டன்கிட்டச் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயி, படுக்கப் போறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ட்ரங்குப் பொட்டிய நவுத்திக் கதவுக்கு அண்டக் குடுத்துட்டுப் படுப்போம். அந்தமாறப் பழக்கம். கலியாணமாயி அவ பிலாய் போயிட்டா. முப்பத்தஞ்சு வருசம். கடுதாசி, அப்பறம் போனு, இப்ப வாட்ஸப்பு. இந்த வருசம் சொல்றா, "வசு, அவரு ரிட்டயர்டாயிட்டாரு, நம்ம பக்கமே வந்துரலாம்னு பாக்கறோம், ஊடு தேடோணும்."

எனக்கு எப்படியிருக்கும்? நீயே சொல்லு. "எதுக்குடி தேடற, பக்கத்து ஊடு சும்மாத்தானே கெடக்குது"ன்னேன். "வந்து பாத்துட்டுச் சொல்றோம்"னா. அப்பறம் போன்லயே, "தென்னமரமும் தண்ணியும் பாத்து எத்தன வருசமாச்சு"ன்னு பெருமூச்சு விட்டா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மிணி இத்தனையும். எனக்குத் தண்ணியும் ஆவாது, படகும் ஆவாது. அவளுக்காக ஆலப்புழையில தண்ணியில மெதக்கற போட்டு ஊடு ஒண்ணு ஏற்பாடு பண்ணினேன். ரெண்டு ரூமு, மூணு நாளு, ஆறு, வாய்க்காலு, காயலுன்னு சுத்திக் காட்டுவாங்க. சுத்தி முடிச்சு ஒட்டுக்காப் பொள்ளாச்சி போறது, ஊட்டக் காட்டறது, சாவியக் கையில குடுக்கறது. அதுதான் திட்டம்.

சும்மா கெளம்பிருவேனா நானு? நாலு பெட்சீட்டு, தலகாணி ஒறை, தட்டு, டம்ளரு, குடிதண்ணி கேன் ரெண்டு, கடலெண்ணெய், டெட்டாலு, பினாயிலு. ஆலப்புழையில அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பையோட ரயில்ல இருந்து எறங்கறாங்க. என்னைப் பாத்துட்டு அவ ஊட்டுக்காரரு குமாரசாமி அண்ணன், "என்னம்மா, ஊடு மாத்திட்டியா"ங்கறாரு. நான் அதுக்குள்ள மூணு நாளைக்கும் டைம்டேபிள் எழுதி வெச்சிருந்தேன். ஆறுமணிக்குக் காப்பி, ஏழுமணிக்குக் குளியலு, இந்தமாற. கோகிலா அதப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "வார்டன் தோத்தாடி உங்கிட்ட"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், பிரியம் ஜாஸ்தின்னா கேலி பண்ணுவா.

அந்தத் தண்ணியப் பாத்திருக்கறயா நீ? ஆலப்புழைக்காரியா? செரி, கோவிச்சுக்காதே. ஆனா கேளு. ஒரு படிக்கட்டுல ஒருத்தன் பல்லு வெளக்கித் துப்பறான். அடுத்த படிக்கட்டுல ஒருத்தி அதே தண்ணியில அரிசி களையறா. அதுக்கடுத்ததுல எருமையக் கழுவறாங்க. எல்லாருஞ் சிரிச்சுக்கிட்டு நம்மளப் பாத்துக் கையாட்டறாங்க. நடுவுல ஆகாயத்தாமரை மெத்தையாட்டம் மெதந்துக்கிட்டு வருது, அதுக்குள்ள பாட்டிலு, செருப்பு, செத்த வாத்து. போட்டுல கக்கூஸ் தண்ணி எங்கப்பா போகுதுன்னு டிரைவரக் கேட்டேன். தொட்டி இருக்குது சேச்சின்னான். சொல்லிட்டுச் சமையல்காரனப் பாத்துச் சிரிச்சான். குமாரசாமி அண்ணன் என்னடான்னா முன்னால உக்காந்து ரெண்டு காலையும் அந்தத் தண்ணியில விட்டுக்கிட்டு வர்றாரு. "அண்ணா, சொறி புடிக்கும்"னேன். "புடிக்கட்டும்மா, இரும்பக் காச்சிக் காச்சிக் காஞ்சு போன காலு"ங்கறாரு.

அங்க ஆறு மேல இருக்குது, வயலு கீழ இருக்குது. வாய்க்கால் கரைக்கு அந்தாண்ட எட்டிப் பாத்தா பத்தடி பள்ளத்துல வயலு. கோகிலா எங்கையப் புடிச்சு இழுத்து, "வசு, பாரு புள்ள, நாம வயலுக்கு மேல போயிட்டிருக்கறோம்"னா. சின்னக் கொழந்தையாட்ட. நானும் பாத்தேன். சேறு. வாத்துக் கூட்டம். நாத்தம். "நல்லாருக்குது"ன்னு சொன்னேன், அவளுக்காக.

சாப்பாடு பாரு, அது தனிக் கூத்து. எல்லாத்தையும் தேங்காயெண்ணெயில பொரிக்கறான் அந்தச் சமையல்காரன். எங்களுக்கே தோப்பு இருக்குது, இருநூத்தம்பது மரம். அதுக்காக தேங்காயெண்ணெயில பொரிச்சதத் திம்பமா? தலைக்கு வெக்கறத வாயில வெக்க முடியுமா? நீ வெளிய உக்காருப்பான்னு சொல்லிட்டு நானே சமையக்கட்டுல போயி நின்னுட்டேன். அந்த அனலுல, அந்தக் குலுக்கலுல. அரிசியும் பருப்புஞ் சோறு பண்ணினேன். ஹாஸ்டல்ல இருக்கறப்ப அதுக்கு உசிர விடுவா கோகிலா. ஊருல இருந்து எங்கம்மா தூக்குப்போசியில குடுத்தனுப்பினா எம்பங்கையுஞ் சேத்துத் திம்பா. அதுக்குன்னே செக்குல ஆட்டின எண்ணெயும், நாட்டுப் பூண்டும் கொண்டுபோனேன்.

ரெண்டு கரண்டி தின்னா. நல்லாருக்குதுன்னு சொன்னா. அப்பறம் பாத்தா ஆளக் காணம். பின்னாடி போயி எட்டிப் பாக்கறேன். டிரைவரு, சமையல்காரன், இவ, இவ ஊட்டுக்காரரு, நாலு பேரும் சம்மணம் போட்டு உக்காந்து மரவள்ளிக்கெழங்கு வேகவெச்சதும் மீன் கொழம்பும் தின்னுட்டிருக்கறாங்க. கையி முழுக்கச் செவப்பா. வெரல நக்கறா. என்னப் பாத்துட்டு, "வசு, ஒரு வாயி தின்னு பாரேன்"னு கைய நீட்டறா. அந்தக் கைய.

எனக்குப் பொக்குன்னு போச்சு அம்மிணி. வந்து மீதிச் சோத்தத் தூக்கித் தண்ணியில கொட்டினேன். வாத்து தின்னுச்சு.

செரி, இதெல்லாம் போகட்டும். ஒரு மனுசி நாக்குக்கு அடிமைன்னா அது அவ பாடு. ரெண்டாம் நாளு சாயங்காலந்தான் வெனை.

அங்க ஒரு வழக்கம். அஞ்சரை மணி ஆச்சுன்னா எந்தப் போட்டும் ஓடக்கூடாது. எங்கயாச்சும் கரையில கட்டிப் போட்றோணும். ஏன்னா அதுக்கப்பறந்தான் மீன்காரங்க வல போடுவாங்களாம். பகலெல்லாம் போட்டுக்காரங்களுக்குத் தண்ணி, பொழுது சாஞ்சா மீன்காரங்களுக்குத் தண்ணி. உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கும் சொன்னாங்க, சொல்லாம இல்ல. மொத நாளு ஏதோ ஒரு வயக்காட்டு ஓரமாக் கட்டினாங்க, நான் ஒண்ணுமே சொல்லலியே. ரெண்டாம் நாளு கொண்டுபோயிக் கட்டறான், ஒரு பொம்பளையோட ஊட்டுப் படிக்கட்டுல. லீலாம்மான்னு பேரு. அவ அந்தப் படியில உக்காந்து மீன் அறுத்துக்கிட்டிருக்கறா. செதிலு பறக்குது. கொடலு தண்ணியில மெதக்குது. ரெண்டு பூனை. நம்ம சன்னலுக்கும் அவ படிக்கட்டுக்கும் கையெட்டற தூரம்.

அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு முக்கியம் அம்மிணி. அன்னிக்குத்தான் கோகிலாகிட்ட அந்தக் கதவப் பத்திச் சொல்லலாம்னு இருந்தேன்.

கதவப் பத்திச் சொல்லலியா உனக்கு? எங்க ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல ஒரு மதிலு. அவ எங்கிட்ட வரோணும்னா கேட்டத் தெறந்து ரோட்டுக்குப் போயி, சுத்தி எங்க கேட்டத் தெறந்து வரோணும். எதுக்குன்னுட்டு, மேஸ்திரியக் கூட்டியாந்து மதில இடிச்சு ஒரு கதவு வெச்சேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே. தேக்குக் கதவு, எங்க ஊட்டுக்காரரு எதுக்கோ வாங்கி வெச்சிருந்த பலகை. அவகிட்டச் சொல்லவேயில்ல. நல்ல எடமாப் பாத்து, நல்ல காப்பி போட்டுக் குடுத்து, மூணு பேரும் உக்காந்துக்கிட்டு, அப்பச் சொல்லோணும்னு மனசுக்குள்ளயே வெச்சிருந்தேன். மத்தியானம் வர்ற வழியில ஒரு எடம் பாத்தேன். வெள்ளையா ஒரு மாதா கோயிலு, அதுக்கு முன்னால அகலமாக் கல்லுப்படி, சுத்தபத்தமா. கண்ணுக்கு அப்படியொரு குளுமை. அங்க வெச்சுச் சொல்லலாம்னு இருக்கறவ, மீன் கொடலு மெதக்கற எடத்துல வெச்சா சொல்லுவேன்?

டிரைவரக் கூப்ட்டேன். சஜீவன்னு பேரு. "இந்த எடம் வேண்டாம்ப்பா, அந்த மாதா கோயிலுகிட்டப் போலாம்"னேன். "சேச்சி, மணி ஆறாகப் போறது. அஞ்சரை கழிஞ்சா ஓடிக்கான் பாடில்ல. வல இட்டிருக்கும்"ங்கறான். "எந்த வல? எங்கண்ணுக்கு ஒரு வலையும் தெரியலியே"ன்னேன். "வல தண்ணிக்குள்ள இருக்குது சேச்சி, கண்ணுக்கு எப்படித் தெரியும்"ங்கறான். எனக்குக் கிண்டலாப் பட்டுச்சு. இருந்தாலும் நயமாத்தான் சொன்னேன். "உங்க மொதலாளி எங்க ஊட்டுக்காரருக்கு நெம்பப் பழக்கம். ஒரு போன் போட்டேன்னா நீ நாளைக்கு வேலைக்கு வரவேண்டியதில்ல. பத்து நிமிசத்துல போறதுக்கு எதுக்கு இத்தன பேச்சு?" அவ்வளவுதான் சொன்னேன். கத்தல, திட்டல. அவன் என்னையவே பாத்துக்கிட்டு நின்னான். அப்பறம் போயிக் கயித்த அவுத்தான்.

திரும்பினா கோகிலா நிக்கறா, சமையக்கட்டு வாசல்ல. கேட்டாளோ என்னமோ. கேட்டா என்ன? நான் என்ன கெட்ட வார்த்தையா பேசினேன்.

வாய்க்காலத் தாண்டி ஆத்துல திரும்பறதுக்குள்ள இஞ்சின் கரகரன்னுச்சு, நின்னு போச்சு. போட்டுக்கு அடியில சுத்தற விசிறியில வல சிக்கிக்கிச்சு. யாரோட வலங்கற? அந்த லீலாம்மாவோடதுதான். அஞ்சரை அடிச்சதும் போயிப் போட்டுட்டு வந்திருக்கறா, கெரகம். கொஞ்ச நேரத்துல சின்ன வள்ளத்துல அவளே துடுப்புப் போட்டுக்கிட்டு வர்றா. சண்டைக்குத்தான் வர்றான்னு நான் தயாரா நிக்கறேன். ஒரு வார்த்தை பேசல. பிஞ்சு மெதக்கற வலைய ஒவ்வொரு முழமா இழுத்து மடியில போட்டுக்கிட்டா. அதுல மாட்டின மீனெல்லாம் துள்ளுது, அவ மடியிலயே. பேசாம இருக்கறவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாலு வார்த்தை திட்டிட்டுப் போனா முடிஞ்சு போகும்.

அந்த டிரைவரு கத்திய எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள குதிச்சான். முங்கறான், ஏர்றான், முங்கறான். அரைமணி நேரம். ஏறி வந்தா உள்ளங்கையி கிழிஞ்சு ரத்தம். கோகிலா என் ரூமுக்குள்ள ஓடி வந்து, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, டெட்டால எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எம்பட டெட்டாலு. பாதி பாட்டிலு காலி. எம்பட தலகாணி ஒறையக் கிழிச்சு அவன் கையிக்குக் கட்டினா.

மறுக்கா எங்க கொண்டாந்து கட்டினாங்கங்கற? அதே லீலாம்மா படிக்கட்டுல. இஞ்சின் ஓடல, கழி போட்டுத் தள்ளிக்கிட்டே வந்தாங்க. இந்த வாட்டி இன்னும் ஒட்டிக் கட்டிட்டான். கோகிலாவும் அவ ஊட்டுக்காரரும் எறங்கிப் போயி அந்தப் படியில உக்காந்துட்டாங்க, வலைய மடியில போட்டுச் சிக்கெடுக்கறதுக்கு. லீலாம்மா பல்பு போட்டுக் குடுத்தா. நான் என்ன பண்ணுவேன்? என் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்தித் தாப்பாளப் போட்டுக்கிட்டேன். ஏசியப் போட்டா அது வழியா மீனு வாசம் வருது. மூக்குல முந்தானைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெளிய அவங்க பேசறது கேக்குது. கோகிலாவுக்கு மலையாளந் தெரியாது, லீலாம்மாவுக்குத் தமிழு தெரியாது, என்னத்தப் பேசினாங்களோ, நடுநடுவுல சிரிப்பு. கோகிலா ரெண்டு வாட்டி வந்து கதவத் தட்டினா. "வசு, வெளிய வாயேன். வந்து அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு புள்ள"ன்னா. தூங்கறமாற இருந்துட்டேன். நான் எதுக்குச் சொல்லோணும்? வல போட்டது அவ, ஓட்டினது அவன். நான் அந்தத் தண்ணியில வெரலக்கூட வெக்கல.

கதையே காலையிலதான் இருக்குது, கேளு.

போட்டுக் கம்பெனி மேனேஜரு வந்தான். வெள்ளச் சட்டை, கருப்புக் கண்ணாடி. வந்ததும் வராததுமா டிரைவரப் புடிச்சுக் கத்தறான். மணி கழிஞ்சு யாரு உன்ன ஓட்டச் சொன்னாங்கன்னு. அவன் கட்டுப் போட்ட கையப் பின்னால வெச்சுக்கிட்டுத் தரையப் பாத்துட்டு நிக்கறான். எம்பேரச் சொல்லுவான்னு பாக்கறேன். சொல்லல. அப்பறம் மேனேஜரு எங்கிட்டத் திரும்பி, மரியாதையாத்தான், "மேடம், நீங்க யாராவது சொன்னீங்களா"ன்னு கேட்டான். நான் உள்ளதச் சொன்னேன். "ஓட்டினது டிரைவருப்பா, நானா ஓட்டினேன்?"

இதுல பொய்யி இருக்குதா? ஒரு எழுத்து பொய்யி இருக்குதா?

மேனேஜரு டிரைவர்கிட்டக் கைய நீட்டினான், "சாவியக் குடுத்துட்டுப் போ"ன்னு. அவனும் சட்டைப் பைக்குள்ள கைய விட்டான். அப்பத்தான் அம்மிணி, கோகிலா முன்னால வந்தா. ராத்திரி கட்டியிருந்த அதே கசங்கின சேலை, மீன் செதிலு ஒட்டின கையி. "அவரு மேல தப்பில்லீங்க. நான்தான் போகச் சொன்னேன். மாட்டேன்னாரு, நான்தான் கட்டாயப்படுத்தினேன்"ங்கறா. எங்கண்ணு முன்னாலயே. குமாரசாமி அண்ணன் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "ஆமாங்க, எங்க தப்புதான்"ங்கறாரு.

அந்த மேனேஜரு அவளப் புடிச்சு என்ன பேச்சுப் பேசினான்ங்கற. படிச்சவங்கதானே நீங்க, ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணப் போட்டுட்டு நிக்கறீங்களே, அப்படி இப்படின்னு. சமையல்காரன் பாக்கறான், லீலாம்மா பாக்கறா, எதிர்க்கரையில நாலு பேரு பாக்கறாங்க. அவ கையக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நின்னா. என் பக்கம் திரும்பக்கூட இல்ல. டிரைவரு மட்டும் ஒருவாட்டி என்னைப் பாத்தான். சாவி அவன் பையிலயே இருந்துச்சு.

எனக்கு அருவருப்பா இருந்துச்சு அம்மிணி. அந்த மீன் கொடலக்கூடச் சகிச்சுக்கலாம். கூசாமப் பொய்யி சொல்றவளச் சகிக்க முடியுமா? முப்பத்தெட்டு வருசப் பழக்கம், இவ இப்படிப் பொய்யி சொல்லுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது.

மேனேஜரு போனதும் கேட்டுட்டேன், "ஏன்டி பொய்யி சொன்ன"ன்னு. "யாராச்சும் சொல்லோணுமே வசு"ன்னா. கோவமே இல்லாமச் சொல்றா. இதுக்கு என்ன அர்த்தம்?

செரின்னு விட்டுட்டேன். பெரிய மனசு பண்ணித்தான் விட்டேன். இன்னும் ஒருமணி நேரத்துல எறங்கோணும், கதவப் பத்திச் சொல்லவேயில்லியே. காப்பி போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். மாதா கோயிலுப் படியும் இல்ல, ஒண்ணும் இல்ல, அந்த வாத்து மெதக்கற தண்ணியப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். மதில இடிச்சது, தேக்குப் பலகை, மேஸ்திரி ரெண்டு நாளு நின்னு இழைச்சது, எல்லாஞ் சொன்னேன். "பொழுதன்னிக்கும் நீ இங்க நான் அங்க, ரோட்டுக்கே போகவேண்டியதில்ல"ன்னேன். அவ டம்ளரக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா. கண்ணெல்லாம் கலங்கிருச்சு அவளுக்கு. எனக்குஞ் சந்தோசமாயிருச்சு.

அப்பறம் கேக்கறா, "தாப்பாளு எந்தப் பக்கம் வெச்சிருக்கற வசு?"

"எம்பக்கந்தான், பின்ன?"ன்னேன்.

சிரிச்சா. கண்ணுல தண்ணியோட சிரிக்கறா. "ஹாஸ்டல்ல அந்தப் பொட்டிய நவுத்தறதுக்கு ரெண்டு பேரும் வேணும், ஞாபகமிருக்குதா புள்ள?"ங்கறா. நான் ஊட்டப் பத்திப் பேசறேன், இவ பொட்டியப் பத்திப் பேசறா. அப்பறம் எங்கையத் தடவிக் குடுத்துக்கிட்டே சொல்லிட்டா. "எப்பக் கூப்ட்டாலும் வர்றேன் வசு, நாலு நாளு இருந்துட்டுப் போறேன். ஆனா பக்கத்து ஊட்டுல இருக்க என்னால ஆகாது. நாங்க கோயமுத்தூர்லயே பாத்துக்கறோம்." குமாரசாமி அண்ணன் தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

ஆலப்புழை ஜெட்டியில எறங்கினதும் அவங்க லீலாம்மா ஊட்டுக்கே திரும்பிப் போறோம்னுட்டாங்க. வல பாதியில கெடக்குதாம். குமாரசாமி அண்ணனுக்கு முடிச்சுப் போட நல்லா வந்துருச்சாம், லீலாம்மா சொல்லிக் குடுத்துட்டாளாம். நாளைக்கு ரயில்ல வர்றாங்களாம். "நீயும் வாடி, ஒரு நாளுதானே"ன்னா கோகிலா, கடைசி வரைக்கும். எனக்கு வேற சோலியில்லியா? பெட்சீட்டெல்லாம் மடிச்சு எடுத்துக்கிட்டு பஸ்ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

நீயே சொல்லு. மதிலு என்னுது. கதவு என்னுது. பலகை எங்க ஊட்டுக்காரரு வாங்கினது. தாப்பாளு எம்பக்கம் வெக்காம வேற எங்க வெப்பாங்க? தனியா இருக்கற பொம்பளை நானு. அந்தப் பக்கம் யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு எனக்குத் தெரியோணுமா இல்லியா? இதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? நானும் ஆலப்புழை தாண்டினதுல இருந்து ரோசன பண்ணிக்கிட்டேதான் வர்றேன், ஒண்ணும் புடிபடல.

என்ன, பொட்டலத்தையே பாக்கற? பசிக்குதா? மணி ரெண்டாகப் போகுதே, அந்தப் பொட்டலத்தப் பிரிச்சுச் சாப்பிடு. பரவால்ல, நான் மூக்கப் பொத்திக்கறேன். அட, பிரிங்கறேன்ல.

எனக்கா? வேண்டாம் வேண்டாம். நீ சாப்பிடு.

போனதும் மேஸ்திரிக்குப் போன் பண்ணோணும், அந்தக் கதவ எடுத்துட்டு மதிலக் கட்டிரச் சொல்லி. ஒரு நாளு வேலைதான். இல்லாட்டிப் பாக்கலாம், ரெண்டு வாரம் போகட்டும். அவ கோயமுத்தூர்ல ஊடு பாத்து, அது புடிக்காமப் போயி... பாக்கலாம்.

ஒண்ணு சொல்லட்டுமா? கோகிலாகிட்டச் சொல்லியிருக்கோணும், அந்த நேரத்துக்கு வாயில வரல. அந்தத் தாப்பாள நான் இதுவரைக்கும் ஒருநாளுகூடப் போட்டதில்ல அம்மிணி. ரெண்டு மாசமா அந்தக் கதவு தெறந்தேதான் கெடக்குது. அந்தாண்ட யாரும் இல்ல, வெறும் ஊடு. சாயங்காலமானா நாற்காலியத் தூக்கிட்டுப் போயி அதுக்கு நேராப் போட்டு உக்காந்துக்குவேன்.